கண் மூடிய பெண்கள்

முதலில் அவர்கள் பாடிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கண்கள் மூடியிருந்தன, வாய் திறந்திருந்தது. ராகத்தை இழுத்துப் பாடுகிறவர்களின் முகம் அப்படித்தான் ஆகும். மெக்சிகோவின் வெராகுரூஸ் மாநிலத்தில், ஹலாபா என்ற மலைநகரத்தில் இருக்கும் மானுடவியல் அருங்காட்சியகம் அது. மெக்சிகோ நகரத்திலிருந்து நான்கைந்து மணி நேரப் பேருந்துப் பயணம். ஏறக்குறைய ஆள் உயரத்துக்குச் சுடுமண்ணில் செய்த பெண்கள் வரிசையாக இருந்தார்கள். மார்பு திறந்திருக்கிறது. பாவாடைக்கு மேல் பாம்பையே கச்சையாக முடிந்திருக்கிறார்கள். தலையில் கனத்த தலையணி. பக்கத்திலிருந்த குறிப்பை என் அரைகுறை ஸ்பானியத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. இவர்கள் பிரசவத்தில் இறந்துபோன பெண்கள். இறந்து தெய்வமானவர்கள். சிவாதெதேயோ என்று பெயர். ஆஸ்டெக்குகள் பேசிய நாவாட்ல் மொழியில் ‘பெண் தெய்வங்கள்’ என்று பொருள்.

என் அம்மா பிறந்த மூன்றாம் நாள் அம்மாச்சி இறந்துவிட்டார். ஒரு புகைப்படம்கூடக் கிடையாது. தன் அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று அம்மாவுக்கே தெரியாது. வீட்டில் அதைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். பேசினாலும் ‘பாவம், கொடுத்து வைக்காதவள்’ என்பதோடு முடிந்துவிடும். அன்று அந்தக் கூடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு இந்தச் சிற்பங்களைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். படித்ததில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

பெர்னார்டினோ தெ சாகுன் என்ற ஸ்பானியப் பாதிரியார் 1529ல் மெக்சிகோ வந்தார். நாவாட்ல் மொழியைக் கற்றுக்கொண்டு, அந்த மக்களிலேயே படித்த இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பல பத்தாண்டுகள் எழுதினார். 12 பாகங்கள் கொண்ட பெரிய நூல் அது. அதன் ஆறாம் பாகத்தில் பிரசவத்தைப் பற்றி வரும் பக்கங்களைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஆஸ்டெக்குகள் என்று நாம் சொல்லும் மெஷீகா மக்களுக்குப் பிரசவம் ஒரு போர். குழந்தை வெளியே வந்ததும் மருத்துவச்சி போர்க்களத்தில் எழுப்பும் முழக்கத்தை எழுப்புவாள். இந்தப் பெண் நன்றாகப் போரிட்டாள், ஒரு கைதியைப் பிடித்துவிட்டாள் என்று அதற்கு அர்த்தம். அந்தக் கைதிதான் குழந்தை.

அந்தப் போரில் தோற்று இறந்தால் அவள் களத்தில் விழுந்த வீரனுக்குச் சமம். உடலைக் குளிப்பாட்டி, கூந்தலை விரித்துவிட்டு, புது ஆடை உடுத்தி, கணவனே தன் முதுகில் சுமந்துகொண்டு போவான். மருத்துவச்சிகளும் கிழவிகளும் கேடயமும் வாளும் ஏந்திக்கொண்டு, கத்திக்கொண்டே கூட நடப்பார்கள். அது வெறும் சடங்குக்கான ஆயுதம் என்று நினைத்துவிட வேண்டாம். வழியில் இளம் போர்வீரர்கள் உண்மையாகவே வந்து மோதுவார்கள். இறந்தவளின் இடது கை நடுவிரலும் தலைமுடியும் அவர்களுக்கு வேண்டும். அதைக் கேடயத்தில் வைத்துக்கொண்டால் எதிரியின் கால் கட்டுண்டுவிடும், கண் மங்கிவிடும் என்று நம்பிக்கை. சூரியன் மறையும் நேரத்தில் இந்தத் தெய்வங்களுக்கான கோயில் முற்றத்தில் அவளைப் புதைப்பார்கள். கணவன் நான்கு இரவு காவல் இருப்பான்.

மெஷீகாவினரின் மறுமையில் ஒருவர் நல்லவராக வாழ்ந்தாரா கெட்டவராக வாழ்ந்தாரா என்ற கணக்கு பெரிதாக இல்லை. எப்படி இறந்தார் என்பதுதான் கேள்வி. நோயிலோ முதுமையிலோ இறந்தவர்கள் மிக்ட்லான் என்ற கீழுலகத்துக்கு நான்கு ஆண்டு நடந்து போக வேண்டும். நீரில் மூழ்கியவர்களும் மின்னல் தாக்கியவர்களும் மழைத் தெய்வத்திடம் போவார்கள். போரில் இறந்த ஆண்கள் காலையில் கிழக்கிலிருந்து உச்சி வரை சூரியனோடு நடப்பார்கள். உச்சியில், பிரசவத்தில் இறந்த இந்தப் பெண்கள் சூரியனை ஏற்றுக்கொள்வார்கள். கெட்சால் பறவையின் இறகுகளால் ஆன பல்லக்கில் வைத்து, ஆரவாரத்தோடு மேற்கு வரை சுமந்து போவார்கள். ஒவ்வொரு நாளும் மதியத்துக்குப் பிறகு வானத்தில் சூரியன் இறங்குகிறதே, அது இறந்த தாய்மார்களின் தோளில்தான் இறங்குகிறது.

ஆனால் அவர்கள் அன்பான தெய்வங்கள் மட்டும் இல்லை. 260 நாள் சடங்கு நாட்காட்டியில் குறிப்பிட்ட ஐந்து நாட்களில் அவர்கள் பூமிக்கு இறங்குவார்கள். நாற்சந்திகளில் நிற்பார்கள். அந்த நாட்களில் குழந்தைகளை வெளியே விடக் கூடாது; தொட்டால் வாதம் வரும், முகம் கோணிப்போகும். தன் குழந்தையைத் தூக்க முடியாமல் போனவள் மற்றவர்களின் குழந்தையைத் தேடி வருகிறாள். இந்தப் பயத்துக்குள் இருக்கும் இரக்கம் எனக்குப் புரிகிறது. ‘கொடுத்து வைக்காதவள்’ என்று சொல்லி மறந்துவிடவில்லை அவர்கள். கோபப்படும் உரிமையை அவளுக்குக் கொடுத்தார்கள்.

சரி, இங்கே ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சாகுன் எழுதியது 16ஆம் நூற்றாண்டில், மத்திய மெக்சிகோவின் மலைப்பீடபூமியில் வாழ்ந்த மெஷீகாக்களைப் பற்றி. ஹலாபாவில் நான் பார்த்த சிற்பங்கள் கி.பி. 600க்கும் 900க்கும் இடைப்பட்டவை, மெக்சிகோ வளைகுடாக் கரையின் தாழ்நிலத்தில் இன்னொரு மக்கள் செய்தவை. நடுவில் அறுநூறு வருடமாவது ஆகிறது. அவர்கள் தங்கள் தெய்வத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதை எழுதி வைக்கவில்லை. சிவாதெதேயோ என்பது பிற்கால மெஷீகாப் பெயரை எடுத்து முற்கால உருவத்துக்கு ஒட்டியது. அப்படி ஒட்டலாமா? இந்த விஷயத்தில் ஒட்டலாம் என்றுதான் நினைக்கிறேன். அதற்குக் காரணம் அந்த முகங்கள் இல்லை. அவை கிடைத்த இடம்.

அந்த இடத்தின் பெயர் எல் சபோட்டால். வெராகுரூஸின் தெற்கே மிஸ்டெக்கியா என்ற சமவெளியில் மண்மேடுகள் நிறைந்த பகுதி. 1971ல் மானுவேல் டோரெஸ் குஸ்மான் என்ற தொல்லியலாளரின் குழு அங்கே தோண்டியது. ஒரு மேட்டுக்குள் சிறிய கோயில் இருந்தது. சுவரில் வண்ண ஓவியங்கள். உள்ளே நடுவில், சிம்மாசனத்தில் உட்கார்ந்த நிலையில், எலும்பும் தோலுமாக ஒரு தெய்வம். ஏறக்குறைய 1.6 மீட்டர் உயரம். சதை இல்லாத தாடை, பிதுங்கிய கண், வெளியே தெரியும் விலா எலும்புகள், தலைக்கு மேல் விரிந்த பெரிய அணி. இறந்தவர்களின் உலகத்துக்கு அதிபதி. மெஷீகாக்கள் மிக்ட்லான்டெகுட்லி என்று அழைத்த அதே தெய்வம். அவரைச் சுற்றிய பகுதியில்தான் அந்தப் பெண் உருவங்கள் கிடைத்தன. மனித எலும்புகளும் மண்டையோடுகளும் குவித்த இடங்கள் இருந்தன. படையலாக வைத்த சிறு உருவங்கள் இருந்தன. மரணத்தின் அதிபதி, அவரைச் சூழ்ந்த பெண்கள், அவர்களோடு புதைந்த மனிதர்கள் எல்லாம் ஒரே ஏற்பாட்டுக்குள் வருகிறார்கள். இந்த ஏற்பாட்டைப் பார்த்த பிறகுதான் கண் மூடியது தூக்கத்தில் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

அந்தத் தெய்வத்தைச் சுடவில்லை. பச்சை மண். அந்த இடத்திலேயே பிசைந்து, அந்த இடத்திலேயே உருவாக்கி, மேலே வண்ணம் பூசி, அப்படியே விட்டிருக்கிறார்கள். வெராகுரூஸில் மழை கொட்டும். கூரை போனால் இரண்டு மழைக்காலம் தாங்காது. பிறகு கோயிலையே மண் போட்டு மூடியிருக்கிறார்கள். மூடியதால்தான் அது பிழைத்தது. ஆள் உயரப் பெண்களைச் சுடத் தெரிந்தவர்கள், வேண்டுமென்றால் அவரையும் துண்டு துண்டாகச் செய்து சுட்டிருக்க முடியும். மரணத்தின் கடவுளை மட்டும் பச்சை மண்ணில் விட்டது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. இது என் எண்ணம், ஆய்வு முடிவு இல்லை.

சுடுவது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். ஊருக்கு வந்த பிறகு சில மாதங்கள் மண்பாண்ட வகுப்புக்குப் போனேன். உள்ளே கூடாக ஒரு தலை செய்தேன், கையளவுதான். காற்று வெளியேற ஓட்டை வைக்காமல் விட்டதாலும், சரியாகக் காய்வதற்குள் அவசரப்பட்டதாலும், சூளைக்குள் அது வெடித்துப் போனது. பழைய மெசோஅமெரிக்காவில், அதாவது மெக்சிகோவும் அதன் தெற்கு அண்டை நாடுகளும் சேர்ந்த பகுதியில், குயவர் சக்கரமே கிடையாது. மண்ணைத் திரித்திரியாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி ஏற்றி, கையால் தேய்த்துச் சுவர் எழுப்ப வேண்டும். கீழ்ப்பகுதி கொஞ்சம் இறுகிய பிறகுதான் மேல்பகுதியை ஏற்றலாம். ரொம்ப இறுகிவிட்டால் ஒட்டாது. சுவர் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்திருந்தால் காயும்போதே விரிசல் விடும். இப்படி ஆள் உயரத்துக்கு எழுப்பி, சுட்டு, உடையாமல் எடுத்திருக்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகு சிலவற்றின் முகத்தில் கறுப்புப் பூசினார்கள். அந்தக் கறுப்பு சாப்போபோத்தே, அதாவது வளைகுடாக் கரையில் நிலத்திலிருந்து தானாக ஊறி வரும் தார். எண்ணெய்க் கம்பெனிகள் வருவதற்கு ஆயிரம் வருடத்துக்கு முன்பே அந்த நிலத்தின் எண்ணெய் தெய்வங்களின் கன்னத்தில் இருந்தது.

மரணத்தின் அதிபதி இன்னொரு இடத்திலும் கிடைத்தார். மெக்சிகோ நகரத்தின் நடுவே, மெஷீகாக்களின் பெருங்கோயிலுக்கு வடக்கே ‘கழுகுகளின் வீடு’ என்று ஒரு மண்டபம் உண்டு. 1994ல் லியோனார்டோ லோபெஸ் லுஹானின் குழு அங்கே இரண்டு சுடுமண் மிக்ட்லான்டெகுட்லி உருவங்களைக் கண்டெடுத்தது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை, 176 சென்டிமீட்டர் உயரம். பாதித் தோல் உரிந்த உடல். பாயப்போவது போல் முன்னால் நீட்டிய நகம் வளர்ந்த கைகள். தலை முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகள். அவற்றில் சுருட்டை முடியைச் செருகியிருப்பார்கள். விலா எலும்புக்குக் கீழே இரண்டு பெரிய இதழ்கள் போல் ஏதோ தொங்குகிறது. நான் முதலில் அதை ஆடையின் நுனி என்று நினைத்தேன். அது கல்லீரல்.

நாவாட்ல் பேசிய நாவா மக்களின் எண்ணத்தில் மனிதனுக்கு ஒரே உயிர் இல்லை. தலையில் ஒன்று, இதயத்தில் ஒன்று, கல்லீரலில் ஒன்று. கல்லீரலில் இருப்பதற்கு இஹியோட்ல் என்று பெயர். ஆசை, கோபம், பொறாமை எல்லாம் அங்கிருந்து வருவது. மூச்சு போலவும் நாற்றக் காற்று போலவும் வெளியேறக் கூடியது. இதை ஆல்ஃபிரெதோ லோபெஸ் ஆஸ்டின் என்ற அறிஞர் விரிவாக எழுதியிருக்கிறார். கீழுலகத்தோடு சம்பந்தப்பட்ட உறுப்பு கல்லீரல்தான். அதனால்தான் மரணத்தின் அதிபதிக்கு இதயம் தெரியவில்லை, கல்லீரல் தொங்குகிறது. சிற்பியின் கற்பனை என்று நாம் கடந்துபோகும் ஒரு விவரம், அவர்களுக்கு உடற்கூற்றுப் பாடம்.

அதைவிட என்னை உலுக்கியது வேறொன்று. அந்த உருவத்தின் மேற்பரப்பைச் சோதித்தபோது இரத்தத்தின் சுவடு கிடைத்தது. 16ஆம் நூற்றாண்டு ஓவியச் சுவடி ஒன்றில் இதே தெய்வத்தின் தலைமேல் ஒருவர் இரத்தத்தை ஊற்றுவது வரைந்திருக்கிறது. நாம் கண்ணாடிக்கு முன்னால் நின்று ‘என்ன ஒரு வெளிப்பாடு’ என்று வியக்கிறோம். அவர்கள் அதை வியந்து பார்க்க வைத்திருக்கவில்லை. அதற்குப் பசிக்கும், அதற்கு ஊட்ட வேண்டும். தோளில் வழிந்து காய்ந்த இரத்தத்தின் வாடையோடுதான் அந்த மண்டபத்தில் அது நின்றது. மெக்சிகோ நகரத்தின் அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து முகத்தோடு நின்றுவிடாதீர்கள், தோளையும் பாருங்கள்.

சிரிக்கும் உருவங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெராகுரூஸ் என்றாலே புத்தக அட்டைகளில் வருவது அவைதான். முக்கோண முகம், பல் தெரிய மலர்ந்த சிரிப்பு, இரண்டு கையையும் தூக்கிய சிறுவர் சிறுமியர். எல் சபோட்டாலிலும் கிடைத்திருக்கின்றன. புல்கே என்ற கற்றாழைக் கள்ளின் போதை என்று சிலர் சொல்கிறார்கள், பலிக்கு முன் மயக்கம் தரும் மூலிகை கொடுத்ததன் விளைவு என்று சிலர், இசைக்கும் நடனத்துக்குமான தெய்வத்தின் குழந்தைகள் என்று சிலர். பரிசுக் கடைகளில் ‘மகிழ்ச்சியான மக்களின் கலை’ என்று எழுதி விற்கும் பொம்மைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மண்டையோட்டுக் குவியலுக்கும் மரணத்தின் கோயிலுக்கும் அருகே வைத்த சிரிப்பை அவ்வளவு சுலபமாக மகிழ்ச்சி என்று சொல்லிவிடக் கூடாது.

இடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களிடம் நான் பிரீஹிதோ லாராவின் கதையைச் சொல்வேன். வெராகுரூஸைச் சேர்ந்த மண் கலைஞர். 1974ல் பழம்பொருள் கொள்ளை என்ற குற்றச்சாட்டில் போலீஸ் அவரைப் பிடித்தது. கைப்பற்றிய உருவங்களைச் சோதித்த நிபுணர்கள், இவை அசல் பழம்பொருள்களே என்று சொல்லிவிட்டார்கள். லாரா சிறையில் அடைபட்டார். ‘நான் எதையும் தோண்டி எடுக்கவில்லை, எல்லாம் என் கையால் செய்தவை’ என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. கடைசியில் சிறைக்குள்ளேயே களிமண் வரவழைத்துத் தரச் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து, அதே போன்ற உருவங்களைச் செய்து காட்டினார். அவற்றையும் நிபுணர்கள் பழமையானவை என்றார்கள். 1975 தொடக்கத்தில் விடுதலையானார். பிறகு ஹலாபா அருங்காட்சியகமே அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது, உடைந்த பழைய சிற்பங்களைச் சீர்செய்யவும் போலிகளைக் கண்டுபிடிக்கவும். வெளிநாட்டு ஏலங்களிலிருந்து மாநில அரசு பணம் கொடுத்து மீட்டு வந்த பொருள்களைப் பார்த்து, ‘இது நான் செய்தது’ என்று அவர் அடையாளம் காட்டிய சம்பவமும் நடந்தது.

இந்தக் கதையை வேடிக்கையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. லாரா மகத்தான கைக்காரர், அதில் சந்தேகமே இல்லை. அவர் தன் வேலையைப் போலி என்று ஒப்புக்கொண்டதும் கிடையாது. தன்னுடைய அசல் என்றுதான் சொன்னார். ஆனால் அவர் செய்தவை பல வருடங்கள் வெளியே போய்க்கொண்டிருந்தன. அருங்காட்சியகங்கள் வாங்கின. மாணவர்கள் அவற்றைப் பார்த்து ‘இதுதான் அந்தக் காலத்து வெராகுரூஸ் பாணி’ என்று படித்திருப்பார்கள். அந்தப் பாணியில் எவ்வளவு அந்த மக்களுடையது, எவ்வளவு ஒரு தனி மனிதருடையது என்று இப்போது எப்படிப் பிரிப்பது? முகத்தை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. முகத்தை நன்றாகவே செய்துவிடலாம். எல் சபோட்டாலில் எலும்புகளுக்கும் சுவரோவியத்துக்கும் பச்சை மண் தெய்வத்துக்கும் நடுவில், அடுக்கு கலையாத மண்ணிலிருந்து வெளிவந்த ஒரு பெண்ணை மட்டும் யாராலும் போலியாகச் செய்ய முடியாது.

மேற்கு மெக்சிகோவில் நடந்தது இதைவிட மோசம். கொலிமா, ஹலிஸ்கோ, நயாரிட் பகுதிகளில் கிணறு போல ஆழமாகக் குழி வெட்டி, அடியில் பக்கவாட்டில் அறை குடைந்து, இறந்தவர்களை வைத்தார்கள். ஏறக்குறைய கி.மு. 300 முதல் கி.பி. 400 வரையிலான வழக்கம். உள்ளே வைத்த சுடுமண் உருவங்களில் கொலிமாவின் கொழுத்த செந்நிற நாய்கள் உலகப் புகழ் பெற்றவை. அவற்றில் பெரும்பாலானவை கொள்ளையர்கள் எடுத்துவந்து விற்றவை. எந்தக் கல்லறை, யாருடைய காலடி, எதுவும் தெரியாது. நாய்களைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் சாகுனின் குறிப்பையே எடுத்து வைப்பார்கள். இறந்தவர் கீழுலகத்து ஆற்றை நாயின் முதுகில்தான் கடப்பார். வெள்ளை நாய் ‘இப்போதுதான் குளித்தேன்’ என்று மறுத்துவிடும், கறுப்பு நாய் ‘இப்போதுதான் கறைபட்டேன்’ என்று சொல்லிவிடும், செம்மஞ்சள் நாய் மட்டும்தான் சுமந்து போகும். அழகான கதை. எனக்கும் ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஆயிரம் வருடத்துக்கும் அதிகமான இடைவெளியைத் தாண்ட உதவும் கோயிலோ எலும்போ இங்கே பெரும்பாலும் நம் கையில் இல்லை.

ஒரு விதிவிலக்கு கிடைத்தது. ஹலிஸ்கோவின் வீட்சிலாபாவில் 1993ல் லொரென்சா லோபெஸ் மெஸ்டாஸும் ஹோர்ஹே ராமோஸும் கொள்ளை போகாத ஒரு கல்லறையைத் திறந்தார்கள். 7.6 மீட்டர் ஆழம், இரண்டு அறைகள், ஆறு பேர். கி.பி. முதல் நூற்றாண்டு. எலும்புகளை ஆராய்ந்தபோது, கழுத்துப் பகுதி முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறக்கும் ஒரே பிறவிக் குறைபாடு பலரிடம் இருந்தது. ஒரே குடும்பம். உணவு வைத்த பாத்திரங்களோடும் சங்கோடும் பச்சைக் கல்லோடும் அந்த உருவங்கள் அவரவர் உடலுக்குப் பக்கத்தில் இருந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக ‘மேற்கு மெக்சிகோ, சுடுமண்’ என்று மட்டும் எழுதியிருக்கும் பொம்மைகளை இதற்கு அப்புறம் என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒருவர் படுத்திருந்தார்.

ஹலாபாவுக்குப் போனபோது எல் சபோட்டாலுக்கும் போயிருக்க வேண்டும். நாள் போதவில்லை, மழை வேறு. அந்தப் பெண்கள் ஹலாபாவுக்கு வந்துவிட்டார்கள். சுட்ட மண் என்பதால் தூக்கிவர முடிந்தது. வெளிச்சமான கூடத்தில், பளிங்குத் தரையில் இப்போது இருக்கிறார்கள். அவர் மட்டும் வரவில்லை. பச்சை மண்ணைத் தூக்கினால் உதிர்ந்துவிடும். அதனால் தோண்டிய இடத்துக்கு மேலேயே கூரை போட்டிருக்கிறார்கள். செய்து வைத்த அதே இடத்தில், அதே மேட்டுக்குள் அவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.